முதலில் நட்டு

அக்கராயன் பால் சேகரிப்பு நிலையத்தில்
குளிரூட்டும் தாங்கி நின்றுபோனது
பின்னேரம் நாலே கால்.
உள்ளே அறுநூறு லீற்றர்.
பவுசர் விடியத்தான் வரும்.
மோட்டச்சைக்கிளால் நான் இறங்க
முகாமையாளர் எனக்குப் பின்னால் பார்த்தார்:
"பாஸ் வரேல்லையோ, பிள்ளை?"

பெட்டியைத் திறந்தேன்.
துளைகள் வரிசையாய் உள்ள இரட்டைச் சட்டம்,
இருபக்கமும் இறுக்கக் காது நட்டுகள்,
சட்டத்தின் மேல் ஏறி உட்காரும் நுகம்,
நுகத்தின் நடுவே திருகாணி,
அதன் நுனியில் ஒரு கூம்பு.
பிளேரிங் டூல்.
கிளிநொச்சியில் ஆறு மாதம்
பதினொரு பெண்கள் படித்தோம்.
சான்றிதழில் மேகவதனி என்ற என் பெயர்
ஒரு கொம்பு குறைந்து
மகவதனி என்று நிற்கிறது.
பெட்டியைச் சரியாகத்தான் தந்தார்கள்.

செம்புக் குழாயின் வாயை விரிப்பது இதன் வேலை.
விரிந்த வாய் பித்தளைக் கூம்பில் போய் அமர்ந்தால்
பற்றவைப்பே வேண்டாம்,
காற்றுக்கும் வழி கிடையாது.
ஊமத்தம் பூ அளவுக்கு விரியக்கூடாது,
அந்திப்பட அதன் மொட்டு நெகிழுமே,
அவ்வளவுதான்.
அரைச் சுற்று. கொஞ்சம் பின்னுக்கு.
அரைச் சுற்று.
கூடினால் ஓரம் பிளக்கும்.
குறைந்தால் கசியும், சத்தமில்லாமல்;
மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவருடைய பால் திரியும்.

பழைய குழாய், முரண்டு பிடித்தது.
சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன்.
"இறுகிப் போகுமே" என்றார் முகாமையாளர்.
இரும்பென்றால் இறுகும். செம்பு இளகும்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு
விசாரிக்கத் தொடங்கினார்.
எந்த ஊர்?
தேராவில்.
முந்தி?
முந்தியும் தேராவில்தான். இடையில வேற இடங்கள்.
அவர் என்ன செய்யிறார்?
அரைச் சுற்று.
"தெரியாது" என்றேன்.
வெளியே கான்களோடு நின்றவர்கள்
மாட்டுத்தீவன விலையைப் பற்றிப் பேசியதை நிறுத்தினார்கள்.

சட்டத்தைக் கழற்றினேன்.
அழகான வாய். ஓரத்தில் ஒரு கீறலும் இல்லை.
பிறகுதான் கண்டேன்,
மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில்
பித்தளை நட்டு
வைத்தபடியே இருந்தது.

விரிந்த வாயைத் தாண்டி நட்டு ஏறாது.
குழாயின் மறுமுனையோ சுவருக்குள்.
முதலாம் நாள் பாடம் இது,
கொப்பியில் மூன்று முறை எழுதவைத்தார்கள்:
முதலில் நட்டு, பிறகு வாய்.

வெட்டினேன். விரல்கட்டை அளவு செம்பு வீண்.
துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
வீட்டில் ஒரு மைலோ ரின்னுக்குள்
இதைப்போல இன்னும் நாலு கிடக்கின்றன.
ஒன்று, மகளுக்கு நூற்றிமூன்று காய்ச்சல் அடித்த நாள்.
ஒன்று, காணிக் கந்தோரால் திரும்பிவந்த நாள்.
ஒன்றுக்குக் காரணமே இல்லை, சும்மா பசி.
மற்றது வவுனியாவில் இருந்து ஒரு அழைப்பு:
உங்கட அவரைப் போல ஒராளைக் கண்டனாங்கள்.
போல.
அந்தத் துண்டின் ஓரம் பிளந்தும் இருக்கிறது.
மகள் அவற்றை எடுத்து ஊதிப் பார்ப்பாள்.
சத்தம் வரும், கேட்கச் சகிக்காது.

நட்டைக் கோத்தேன்.
கோத்ததை விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.
கூம்புக்கு ஒரு சொட்டு எண்ணெய்,
அரைச் சுற்று, கொஞ்சம் பின்னுக்கு.
இம்முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.
குழாய் எட்டியது, மயிரிழையில்.

வாயுவை விட்டு, மூட்டில் சவர்க்கார நுரை பூசி
ரோச் அடித்துக் குந்தியிருந்தோம்
அவரும் நானும், கானோடு வந்த இரண்டு பேரும்.
வராததைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியும்.
இது வராமலே இருந்தால் நல்லது.
"அந்தா, ஒரு குமிழி!"
இல்லை, அது நுரை தானாய் உடைகிறது.
ஐந்து நிமிடம். பத்து.
கால் விறைத்தது.

தாங்கி உறுமத் தொடங்கியதும்
அவர் கதிரையை என் பக்கம் தள்ளினார்.
"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"
பால் விட்டோ, விடாமலோ என்று
அவர் கேட்கவுமில்லை,
நான் சொல்லவுமில்லை.