கவிழ்த்த தோணி

களுவாஞ்சிக்குடிச் சந்தி மருந்துக்கடைக்குக்
கொச்சிக்காய்க் கொப்போடுதான் வருவார்கள்.
பொலித்தீன் பையில், சட்டைப் பையில்,
ஒருமுறை தலைக்கவசத்துக்குள்.
"இதுக்கு ஒண்டு தாங்க தம்பி."
நானும் கொடுப்பேன்.
சுருண்டால் சின்னப் போத்தல்.
கூடச் சுருண்டால் பெரிய போத்தல்.

தவமலரக்கா மூன்று தரம் வந்தா.
களுதாவளை மணலில் நானூற்றிப் பன்னிரண்டு கன்று.
எண்ணித்தான் வைத்திருந்தா,
சங்கத்துக் கடன் அவற்றின் தலையில் நின்றது.
முதல் தரம் பூச்சிமருந்து கொடுத்தேன்.
இரண்டாம் தரமும் அதுவே,
மூடிக்கணக்கை மட்டும் கூட்டிச் சொன்னேன்.
மூன்றாம் தரம் அவ ஒன்றும் கேட்கவில்லை.
கொப்பை மேசையில் வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மணிக்கூடு திருத்தும் றூபனிடம்
கண்ணில் செருகும் வில்லையை அன்றுதான் இரவல் கேட்டேன்.
இலையின் முதுகில் ஒன்றுமில்லை.
திருப்பினேன்.
நடு நரம்போரம்
எண்ணெய்த் துளி ஒன்று நடந்தது.
அதன் பின்னால் இன்னொன்று.
பிறகு
இலையே நடந்தது.
கால்களை எண்ண முடியவில்லை.
ஆனால் அது பூச்சியின் நடையில்லை,
சிலந்திச் சாதியின் நடை.

சிற்றுண்ணி.

பூச்சிக்கென்று எழுதிய மருந்து
அதன் கதவைத் தட்டவேயில்லை.
அதைத் தின்ன வந்தவற்றின் கதவைத்தான்
உடைத்திருக்கிறது.
ஒரு மாதமாகக்
காவற்காரரைக் கொன்று
கள்ளருக்குச் சோறு போட்டிருக்கிறேன்,
பற்றுச்சீட்டும் எழுதி.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன்.
போன வருடக் கலண்டரின் வெள்ளை முதுகை
ஒவ்வொரு குருத்துக்கும் கீழே பிடித்துத் தட்டினேன்.
வெற்றிலைத் தோட்டத்துப் பக்க வரிசையில்
மஞ்சள் நூற்துண்டுகள் விழுந்து ஓடின. பனிப்பூச்சி.
அங்கே இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன.
கிணற்றடிப் பக்கம் எல்லாம் கீழ்நோக்கி.
"மேலே மடிஞ்சா தோணி, அது பனிப்பூச்சி.
கீழே மடிஞ்சா கவிழ்த்த தோணி, சிற்றுண்ணி" என்றேன்,
கொஞ்சம் பெருமையாக.

"நீ தோணி வலிச்சிருக்கியா?"
"இல்லை."
"கவிழ்த்துக் கிடக்கிற தோணியெல்லாம் தாண்டதில்ல.
கீல் பூசக் கவிழ்த்ததும் இருக்கு."

குருத்துகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டோம்,
வரம்பில் எறியாமல்.
மஞ்சளோடிக் குறண்டிய முப்பத்தொன்றை
வேரோடு பிடுங்கினா அவவே.
வெண்ணீ கொண்டுவந்த நோய், அதற்கு மருந்தில்லை
என்று நான் சொல்லி முடிக்கமுதலே.
வெற்றிலைப் பக்கத்துக்கு
இரவு ஊறப்போட்ட வேப்பங்கொட்டைத் தண்ணீர்.
கிணற்றடிக்குக் கந்தகம்,
வெயில் தாழ்ந்தபிறகு,
விசிறியின் வாயை வானம் பார்க்கத் திருப்பி,
இலையின் வயிற்றில் படும்படி.
நானூறு தரம் குனிந்தால்
முதுகு கடனை விடப் பெரிதாகத் தெரிகிறது.

தாங்கி கழுவும்போதுதான் சொன்னேன்:
"அக்கா, நான் தந்த மருந்தாலதான்."
தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தா.
"அந்த ரெண்டு போத்தல் காசு?"
சம்பளத்தில் வெட்டச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன்.
"ம்" என்றா.
மன்னிப்பா அது, கணக்கா,
இன்றுவரை தெரியாது.

சுருண்ட இலைகள் நிமிரவில்லை. அவை இனி நிமிராது.
பன்னிரண்டாம் நாள்
ஒவ்வொரு நுனியிலும்
இரண்டு விரல்நகம் அகலத்தில்
தட்டையாக, பளபளவென்று ஏதோ.
அவ வந்து சொல்லவில்லை.
பாதையில் போகும்போது நானே வேலிக்குள்ளால் பார்த்தேன்.

இப்போது கடையில்
விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு வில்லை கிடக்கிறது.
"இதுக்கு ஒண்டு தாங்க தம்பி."
"இலையைத் திருப்புங்க முதல்ல."
முதலாளி உள்ளேயிருந்து
இரண்டு தரம் செருமுகிறார்.
நான் திருப்புகிறேன்.