ஒன்றை மட்டும் குறியிடுக

வருகைப் பதிவேட்டில் எங்கள் இருவர் பெயரின் நடுவிலும்
அதே சாய்கோடு.
துர்காஷினி ஏ/பி லோகநாதன்.
ஜூலிதா ஏ/பி காசிங்.
அதைப் பார்த்துத்தான் ஒரே மேசை தந்தார்களாம்.
"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றான்
கெடாவிலிருந்து வந்த ஒருவன்.
"ஆமா, சாய்கோட்டு வழியில" என்றாள் அவள் மலாயில்,
சிரிக்காமல்.

வனவியல் டிப்ளோமா, நான்காம் பருவம்.
காட்டுத்தீ மேலாண்மை பதின்மூன்று பாடம்.
கடைசிப் பாடம் பூர்வகுடிப் பார்வை.
நாலு பக்கம்.
தேர்வுக்கு வராது.

அன்று விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
அவள் பக்கம் திரும்பினார்.
உங்கள் முன்னோர் தீயை எப்படி அறிந்திருந்தார்கள்,
வகுப்புக்குச் சொல்லலாமே.
எழுந்தாள்.
"சுங்கை ரெங்காஸில் ஏழாம் வாய்க்கால் வெட்டியது
எந்த வருஷம் சார்?
அதைப் பலகையில் எழுதுங்க.
மீதியை நான் சொல்றேன்."

அவருக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
நான் நாலாம் வகுப்பு.
மண்வாரி ஓட்டிய அப்பாவுக்கு
அந்த வருஷம்தான் போனஸ் வந்தது,
எனக்குச் சிவப்பு சைக்கிள்.

பயிற்சிக்கு எங்களை அங்கேயே அனுப்பினார்கள்.
ஒரு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம்,
மாரியம்மன் கோயில், லாரிகள் உதிர்த்த செம்பனைப் பழம்
தார்ச்சாலையில் நசுங்கிய வாடை:
என் ஊர்.
செம்பனை முடிகிற இடத்தில் மிஞ்சிய சதுப்புக் காடு.
காட்டுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர்.
இருபது வருஷம் ஒரே புகையை
இரண்டு பக்கமிருந்து இருமியிருக்கிறோம்.

கரிமண் தீ ஓடாது.
படுத்தபடியே போகும்.
மேலே பெரணி பச்சையாய்த்தான் நிற்கிறது,
கீழே ஆள் உயரத்துக்குக் கனல்.
பொம்பாக்காரர்கள் குழாயை மண்ணுக்குள் குத்தி
நீரைப் பீய்ச்சினார்கள்;
வேறெங்கோ, கூப்பிடு தூரத்தில்,
ஆவி எழுந்தது.
என் பூட்ஸின் அடி இளகி
ஒவ்வோர் அடிக்கும் முத்தமிட்டுப் பிரிந்தது.

நீர்மட்டம் நாற்பது சென்டிமீட்டருக்குள் இருக்கணும்,
அது புத்தகம்.
அளவுநாடாவை ஜூலிதா குழாயில் விட்டாள்.
இறங்கியது. இன்னும் இறங்கியது.
நூற்றுப் பதினெட்டில்தான்
டக்.

மூன்றாம் நாள் அதே மண்வாரியோடு அப்பா வந்தார்,
வாய்க்காலை அடைக்க.
இன்ஜினை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார்:
"முன்னெல்லாம் தண்ணி எந்தப் பக்கம் போச்சு?"
"அங்க. எங்க படகு கட்டுற இடம் அது."
அவள் காட்டிய இடத்தில்
செம்பனை, ஒன்பது வயசு, நல்ல காய்ப்பு.
அப்பா தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

மாலையில் படிவம்.
தீயின் காரணம், ஒன்றை மட்டும் குறியிடுக:
சிகரெட்.
மீன்பிடிக்க வந்தோர்.
பூர்வகுடி விவசாயம்.
மின்னல்.
"மூணாவதுல போட்டுடு, வழக்கமா அதான்" என்று
அதிகாரி கோப்பிக்குப் போய்விட்டார்.

ஜூலிதா காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
கறுப்புத் தண்ணீர்.
படிவத்தைத் தலைகீழாய்ப் படிக்கிறாள் என்று தெரிந்தது.
அடிக்கோலை வைத்து ஐந்தாவதாய் ஒரு கட்டம் வரைந்தேன்.
வாய்க்கால் எண் ஏழு, என்று எழுதினேன்.
வெட்டியவர், என்று எழுதி
பேனா நின்றது.

"உங்க அப்பா பேரை எழுதாதே" என்றாள்.
"எழுதினா அவங்க அந்தப் பேரோட நிறுத்திக்குவாங்க."

அடித்தேன்.
வெட்டச் சொன்னவர், என்று திருத்தினேன்.
கீழே இருவரும் கையெழுத்திட்டோம்,
சாய்கோடு உட்பட.

இரவு அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"மண்ணு இன்னும் சுடுதா?"
"சுடுதுப்பா."
அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும்.

படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது.
கூடுதல் கட்டத்துக்கு அனுமதியில்லை என்று
சிவப்பு மையில்.
மூன்றாம் முறை அனுப்பிவிட்டு வருகிறோம்.
மழை இன்னும் இல்லை.
குழாயில் தண்ணீர்
இன்றைக்குத் தொண்ணூற்றொன்று.