பெட்டியில் ஏழாவது

நேலிதா கடையில் வாங்குகிறாள்.
பெட்டிக்குப் பத்துச் சீவாளி,
ஒவ்வொன்றுக்கும் தனி உறை,
முதுகில் இரண்டரை என்று அச்சடித்த பலம்.
கிளாரினெட்டில் பூட்டி ஒரே ஒரு ஸ்வரம் ஊதுவாள்.
உதட்டைப் பிதுக்குவாள்.
கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் விரித்து
அடிப்பக்கம் தேய்ப்பாள், மறுபடி ஊதுவாள்.
பத்தில் மூன்று தேறும்.
மீதி, நாற்காலிக்கடியில் பிஸ்கட் டப்பாவுக்கு.
எறியமாட்டாள்.
மழைக்காலத்தில் அவற்றுக்கு மனம் மாறுமாம்.

நான் சாந்தா லூசியா ஆற்றோரம்
ஜூலைக் குளிரில் நாணல் வெட்டுகிறேன்.
இரண்டு வருடம் கட்டிலடியில் காய்கிறது.
பிளந்து, தட்டையாக்கி, சீவி,
விளக்குக்கு நேரே பிடித்து
நடுவில் நிழலும் ஓரத்தில் தேன்நிறமும்
வந்துவிட்டதா என்று பார்த்து,
ஒரு மயிரிழை கூடச் சீவிவிட்டு,
கெட்ட வார்த்தை சொல்லி,
முதலிலிருந்து.
முப்பதில் இரண்டு பாடும்.
அதிலும் ஒன்று, மேகம் கூடினால் மௌன விரதம்.

"உன் தோல்விகளை நீயே செய்துகொள்கிறாய்.
நான் என்னுடையதைக் காசு கொடுத்து வாங்குகிறேன்"
என்பாள், மாத்தே உறிஞ்சியபடி.
நகராட்சி பேண்டின் இரண்டாம் வரிசையில்
பதினோரு வருடமாக
எங்கள் முழங்கைகள் இடித்துக்கொள்கின்றன.

உன் பெட்டி எந்த ஆற்றிலிருந்து வந்தது, தெரியுமா?
தெரியாது.
அதனால்தான் எனக்கு அதன்மேல் கோபம் வருவதில்லை.

ஒருநாள் அவளே கேட்டாள்:
வாங்கியதை எவ்வளவு சுரண்டினால்
அது நான் செய்ததாகும்?
பதில் சொல்லத்தான் நினைத்தேன்.
வாயில் சீவாளி ஊறிக்கொண்டிருந்தது.

போன செவ்வாய் பிராடோ பூங்காவில் கச்சேரி.
காற்றெல்லாம் ஈரம்.
என்னுடைய இரண்டும்
மழையில் ஊதிய கதவாக இறுகிக்கொண்டன.
அவள் பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போன நேரம்
டப்பாவைத் திறந்தேன்.
கைக்கு வந்ததில் பென்சிலால் ஏழு,
ஏழின் குறுக்கே ஒரு கோடு.
இடது தோளில் நான்கு சீவல்,
நுனியில் பாதி.
அவ்வளவுதான்.

வால்ஸின் நடுவே எனக்கு எட்டுத் தாளம் தனியாக.
எண்ணெய் விட்ட கீல் மாதிரி
குரல் திறந்துகொண்டு போனது.
கைதட்டல் ஓயும் முன்பே
என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:
"சரி, ஒத்துக்கொள்கிறேன். உன் ஆறு பேசுகிறது."

நன்றி என்றேன்.

வீட்டுக்கு வந்து
என் நல்லவை உறங்கும் மரப்பெட்டியில்
அதற்கும் ஒரு குழி ஒதுக்கினேன்.
எண் தெரியக்கூடாது என்று
எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
கோடு மட்டும்தான் அழிந்தது.