தெற்கு எலிவேஷன்

இருபத்திரண்டு மாடி.
மெய்யனூர் போகும் வழியில்
பழைய மரக்கடை இருந்த இடம்.
படம் போட்டது எங்கள் ஆபீஸ்.
தெற்கு எலிவேஷன் என் கைவேலை,
ஷீட்டின் ஓரத்தில்
என் இனிஷியல் எறும்பு அளவில் இருக்கும்.

உச்சியில் ஒரு மாங்கனி வேண்டும் என்றார் பில்டர்,
சேலம் ஆச்சே.
பெங்களூர் ஆர்க்கிடெக்ட் கண்ணை மூடித் திறந்தார்.
அதன் வளைவை ஏழு முறை திருத்தினேன்.
ஏழாவது கிட்டத்தட்ட மல்கோவா.

சாரம் பிரித்த அன்று
கிட்னி மாதிரி இருக்கு என்றார் டீக்கடை தாஜு பாய்.
ஆஸ்பத்திரி வருதா என்று கேட்டவரும் உண்டு.
எதிர் கிளினிக் பல் டாக்டர் வைசாலிக்கு
நாலு மணிக்கு மேல் கண்ணாடி வழியாக
இன்னொரு சூரியன்.
வாயைத் திறந்தவர்கள்
கண்ணை மூடிக்கொள்கிறார்களாம்.
காலேஜ் பையன் ஒருவன்
அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு,
"இனிமே எவனாவது சேலம் எங்க இருக்குன்னு கேக்கட்டும்" என்றான்.
பக்கத்தில் நின்ற எனக்குப்
பெருமையாகத்தான் இருந்தது.
பொய் சொல்வானேன்.

ஆனால் என் வீடு அதற்குத் தெற்கே,
அரிசிப்பாளையத்தில், மூன்றாவது மாடி.
சமையலறை ஜன்னல் வடக்கு பார்த்தது.
குடிவந்த நாளிலிருந்து அந்தச் சட்டத்துக்குள்
சேர்வராயன் மலை ஒருக்களித்துப் படுத்திருந்தது.
வாடகை ஐந்நூறு கூட என்றபோது
செங்கோடன் பேரம் பேசாததற்கு
வேறு காரணம் இல்லை.

அவர் ஏற்காட்டிலிருந்து கடைசி வண்டி ஓட்டுகிறவர்.
இரவில் மலை தெரியாது, பாதை தெரியும்.
ஒரு வெளிச்சம்
வலப்பக்கம் போய்த் திரும்பி
இடப்பக்கம் போய்த் திரும்பி
இருபது கொண்டை ஊசியும் இறங்கும்.
எட்டாவது வளைவில் அரிசி களைவேன்.
அவர் செருப்பைக் கழற்றும்போது
சோறு வடித்திருக்கும்.
இதை அவரிடம் சொன்னதில்லை.
அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது பதினாலாவது வளைவில்
வெளிச்சம் என் கட்டிடத்துக்குள் நுழைகிறது.
ஆறாவதில் வெளியே வருகிறது,
லிஃப்டில் இறங்கியது போல.
போன ஐப்பசியில் ஒருநாள் நுழைந்தது
முக்கால் மணி நேரம் வரவில்லை.
பாறை உருண்டு கிடந்ததாம்,
பயணிகள் இறங்கித் தள்ளினார்களாம்.
அந்த முக்கால் மணி நேரமும்
நான் போட்ட கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பால்கனி பால்கனியாக.

அளவு சரிபார்க்க மேலே போனேன்.
ஹாய்ஸ்ட் ஓட்டும் பிஷ்ணு மாஞ்சி
என் ஹெல்மெட் வாரை இறுக்கிவிட்டு
கீழே பார்க்காதீங்க என்று சைகை காட்டினான்.
பார்த்தேன்.
மேற்கே கஞ்சமலை,
மேக்னசைட் தோண்டிய வெள்ளை மண்,
பாலத்தின் மேல் இன்னொரு பாலம்,
மூடியில்லாத எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி
(வீட்டுக்காரர் மூடி இருப்பதாகச் சொல்கிறார்).
அணைக்க மறந்த என் சமையலறை பல்பு.
வடக்கே திரும்பினால்
மலை, முழுசாக,
ஒரு வளைவும் குறையாமல்.

வடக்கு ஃபிளாட்டுகளுக்கு நாலரை லட்சம் கூடுதல்.
விலைப்பட்டியலில் 'மலைக்காட்சி' என்று
நானே தட்டச்சு செய்தேன்.
அந்த நாலரை லட்சம்
யார் யார் ஜன்னலிலிருந்து எடுத்தது என்று
ஒரு ஜன்னல் அளவுக்கு எனக்குத் தெரியும்.

ஆபீஸில் எல்லோரும் போனபிறகு
பழைய ஃபைலைத் திறந்தேன்.
கட்டிடத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளை.
எலிவேஷனில் பின்னால் இருப்பதைப் போடும் வழக்கம் இல்லை.
பிரிண்ட் ஆகாத லேயர் ஒன்று சேர்த்து
சாம்பல் நிறத்தில் மலையை இழுத்தேன்.
பாதையையும்.
பதினாலிலிருந்து ஆறுவரை
நினைவிலிருந்து.

இன்று மழை.
ஒன்பது இருபத்தைந்துக்கு வெளிச்சம் உள்ளே போயிற்று.
அரிசி களைந்துவிட்டேன்.
தண்ணீர் கொதிக்கட்டும்.