ஐந்தாம் கட்டில்

இரவு ரெண்டே கால். பல்லடம் அரசு ஆஸ்பத்திரி.
மில் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
வார்டன் முந்திக்கொண்டாள்:
"மாடிப்படியில வழுக்கிட்டாளுங்க சிஸ்டர்."

துளசிமணி, இருபத்திரண்டு.
நாப்கின் மூன்று, அதற்குமேல்
பனியன் வேஸ்ட் ஒரு பொதி,
எல்லாம் நனைந்து.
பிரஷர் எண்பதுக்கு ஐம்பது.

வார்டன் டீக்குப் போன நேரம் பார்த்து
"எத்தனை மாத்திரை அம்மிணி?" என்றேன்.
கையை விரித்தாள்.
ஐந்தையும் ஒரே மூச்சில்.
"எப்படித் திங்கோணும்னு கடைக்காரரு சொல்லலீங்க.
உள்ளே இருந்த பேப்பரையும் எடுத்துக்கிட்டாருங்க."

பதிவேட்டில் காரணத்துக்கு
ஒரு விரலகலம் இடம்.
'தானாகக் கலைந்தது' அதில் அளவாய் உட்காரும்.
மாத்திரை என்று எழுதினால்
விடிந்ததும் போலீஸ் வருமாம், அழுகிறாள்.
வராது என்றேன்.
சொன்ன குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

திருப்பூரிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருக்கிறது.

மாத அறிக்கையில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
மாத்திரைக்குப் பின் சிக்கல்.
போன மாதம் பூஜ்யம்.
அதற்கு முந்தியும்.
என் கையெழுத்துதான்.
முத்து முத்தாய்ப் போடுகிறாய் என்று
மீட்டிங்கில் பாராட்டினார்கள்.

இப்போதும் தானாகக் கலைந்தது என்றே எழுதினேன்.
பெயருக்குப் பக்கத்தில், பென்சிலில்,
சின்னதாய் ஒரு 5.

தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை விரல் வைத்தார்,
இதென்ன என்று.
கட்டில் நம்பருங்க சார்.
தலையாட்டிவிட்டுப் பக்கம் புரட்டினார்.

எட்டு மாதத்தில்
ஐந்தாம் கட்டிலில் மட்டும் பதினேழு பேரா
என்று கேட்கவில்லை.
எங்கள் வார்டில் கட்டில் நாலுதான்.