இருளாத ஊரில் காலை எது

ஜூன். ஈசாஃபியூர்தூரில்
இரவு என்பது சுவர்க்கடிகாரம் கிளப்பும் வதந்தி.
ஸ்டெய்னுன் அதைத்தான் நம்புகிறாள்.
ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, ரொட்டிக்குப் பிறகு.
தவறினால் தவறியதுதான்,
மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடுவதில்லை.
மதியத்துக்கு மேல் தொடுவதில்லை,
வெளியே வெயில் எவ்வளவு கெஞ்சினாலும்.

மீன் ஆலையில் இரட்டை ஷிப்ட்.
காட் மீனின் முள்ளை உருவியபடி பியார்கி கேட்கிறான்:
"ஒன்றே ஒன்று கொடேன். விடியும்வரை தாங்கணும்."
"விடிந்துதானே இருக்கிறது."
அவன் சிரிக்கவில்லை.

மூன்றாவது காபியில் இருக்கிறான்.
போன வாரம் மாடிப்படியில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றதைப்
பார்த்தவள் இவள் மட்டும்தான்.
இவளுக்கு எழுதித் தருமுன் மருத்துவர்
செத்துப்போன அப்பாவின் இதயத்தைக்கூட விசாரித்தார்.
அவனை யார் விசாரித்தார்கள்?

"சீட்டில் உன் பெயர் இல்லை, பியார்கி."
கஞ்சப் பிசினாரி என்று முணுமுணுத்து
ஈரக் கையுறையை மாட்டுகிறான்.

வீட்டில் பெட்டியைத் திறந்து எண்ணுகிறாள்.
பதினேழு. சரிதான்.
பூட்டி, சாவியை மாவு டப்பாவிலிருந்து எடுத்து
வேறெங்கோ வைக்கிறாள்.
மாவு டப்பா அவனுக்குத் தெரியும்.

கறுப்புத் திரையை இழுத்துவிட்டு
மணிக்கட்டில் இரு விரல் வைத்துப் படுக்கிறாள்.
எழுபத்தாறு, எழுபத்தேழு...
திரையோரம் ஒரு கீற்று வெயில்,
ஷிப்ட் முடியாத ஆளைப் போல.