மூன்றரை மணிச் சத்தம்

பூர்க்டோர்ஃப். பனி.
காருக்குக் கீழே
வாழைப்பழ அட்டைப்பெட்டியில் கிடக்கிறேன்.
"கண்ட கிறீஸும் பூசாதே, றப்பர் ஊதிப்போகும்,
சிலிக்கோன்தான்" என்றிருந்தான் நிமலேந்திரன்.
நெம்ப,
கன்ட்ரோல் ஆர்ம் புஷ் கழன்றது,
கூடவே என் பெருவிரல் தோலும்.
போல்ட்டை அந்தரத்தில் இறுக்கக் கூடாதாம்;
சக்கரம் நிலத்தில் ஊன்றி
வண்டி தன் பாரத்தில் அமர்ந்த பின்தான்.
அப்படியே செய்தேன்.

திங்கள் விடியப்புறம் மூன்றரை. பேக்கரி வேலை.
வேகத்தடை ஏறி இறங்கியும்
ஒரு கீச்சு இல்லை.
விசிலடித்தபடி ஓட்டினேன்.

பின்னேரம் படியில் மறித்தாள் ஃப்ராவ் ஏபிஷர்:
"வேலை போய்விட்டதா உனக்கு?
உன் கார் கத்தும்போதுதான் எழும்பி
அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன்.
இன்று விடியும்வரை
ஒரே பக்கமாய்க் கிடந்தார்."

நகத்துக்குள் இன்னும் கிறீஸ்.
கையை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.